மூன்றாவதாக விரிக்கும் புடவை

ஐயம்பேட்டை
20.6.2025

அன்பு மகள் கீர்த்திக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனை முதலில் வைத்தது நீயா நானா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. நான்தான் என்று நீ சொல்வாய். "இப்படிக் கத்துறதுக்கு லெட்டர் போடுமா, குறுக்க பேச முடியாது இல்ல" என்று நீ சொன்னது மட்டும் காதில் விழுந்தது. நீ கோபத்தில் சொன்னாய். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. போஸ்ட் ஆபீசில் உறை வாங்கினேன். அங்கிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்து, "கோர்ட் விஷயமா மேடம்?" என்று கேட்டாள். மகளுக்கு என்றேன். நம்பவில்லை.

ஆகவே இனி கொஞ்ச நாளைக்குக் கடிதம். போன் அவசரத்துக்கு மட்டும். கேஸ் சிலிண்டர் அவசரத்தில் சேர்த்தி. நேற்றோடு தீர்ந்துவிட்டது, நீ உன் போனிலிருந்து புக் செய்துவிடு. எனக்கு அந்த ஆப் எதுவும் பிடிபடுவதில்லை.

கடையில் ஆனி முகூர்த்தக் கூட்டம். நேற்று செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். கல்யாணப் பெண் புடவை விரிக்கும் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேர்ந்தெடுத்ததெல்லாம் அவள் அத்தை. பெண் ஒரு முறை விரலை நீட்டி ஒரு புடவையைக் காட்டியதும் அத்தைக்காரி பிடித்துக்கொண்டாள். "கல்யாணத்துக்கு அரக்குதான். சாம்பலை எடுத்து வெச்சிக்கினு இருக்குது பாரு."

"அது சாம்பல் இல்ல அத்தே, லேவண்டர்."

"எந்த டரா இருந்தா இன்னா, துக்கத்துக்குப் போற கலர்."

"சரி, எதுனா எடுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல" என்று அவள் மறுபடி போனுக்குள் போய்விட்டாள். ஆனால் அத்தை தண்ணீர் குடிக்க எழுந்தபோது என்னிடம் மெல்லக் கேட்டாள்: "அக்கா, இதுக்கு பிளவுஸ் என்ன கலர்ல வரும்?" அவ்வளவுதான். வாய் எதை வேண்டாம் என்றாலும் சரி, பிளவுஸ் கேட்டுவிட்டால் அந்தப் புடவை விற்றுப்போனது. அரக்கு பார்டர் வைத்த லேவண்டர் ஒன்றை எடுத்து அத்தையின் தோளிலேயே போட்டுக் காட்டினேன். வாங்கிக்கொண்டு போனார்கள். அத்தைதான் தேர்ந்தெடுத்தாள் என்று அத்தை நினைத்துக்கொண்டிருப்பாள்.

உங்கள் வயதுக்காரர்களுக்குப் போனைப் பார்க்க இருக்கிற பொறுமை ஒரு மனிதரின் முகத்தைப் பார்க்க இல்லை. இதைத்தான் ஞாயிற்றுக்கிழமை சொல்ல வந்தேன்.

அப்புறம், அரக்கோணத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்திருக்கிறது. வயது முப்பத்தைந்து, முன்பக்கம் முடி கொஞ்சம் கம்மி. சொந்தமாக ஜெராக்ஸ் கடை. உனக்கு விருப்பமிருந்தால் பார்க்கலாம். முடிவு உன்னுடையது.

அன்புடன்,
அம்மா கலையரசி


ஓசூர்
27.6.2025

அம்மாவுக்கு,

நான் கடைசியாகப் பேனா பிடித்தது காலேஜ் அரியர் எழுதும்போது. கை வலிக்கிறது. கையெழுத்தைப் பற்றி எதுவும் சொல்லாதே.

உன் கடிதத்தை ஹாஸ்டல் வார்டன் தானே எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்து, "வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையாமா?" என்று கேட்டார். ரூம்மேட் திரிஷா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உங்கம்மா எந்த வருஷத்துல இருக்காங்க?" என்றாள்.

கேஸ் புக் செய்துவிட்டேன். எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தேன். மூன்று பட்டன்தான் அம்மா.

ஜெராக்ஸ் கடைக்காரர் வேண்டாம். அவருக்கும் எனக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு வருஷம் நிற்கிறது. முடியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, நீதான் சொன்னாய்.

பொறுமையைப் பற்றி எழுதியிருந்தாய். எங்கள் செக்‌ஷன் ஹெட் ஆனந்தகுமார் சாரும் அதையேதான் சொல்கிறார். திங்கட்கிழமை பிரிண்டர் பக்கத்தில் நின்று, "இந்த ஜெனரேஷனுக்குப் பொறுமைன்னா என்னன்னே தெரியாதுமா" என்றார். சொல்லிக்கொண்டே, பேப்பர் வரவில்லை என்று பட்டனை அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். கடைசியில் ஒரே பக்கம் கட்டுக்கட்டாக வந்து விழுந்தது. நான் பொறுமையாக அதையெல்லாம் பொறுக்கி அடுக்கினேன்.

நீ காலையில் அனுப்பும் ரோஜாப்பூ படத்துக்கு நான் கட்டைவிரல் போட்டால், "அதென்ன கட்டைவிரலைக் காட்டுற" என்கிறாய். 'ம்' என்று போட்டால் கோபமா என்று கேட்கிறாய். ஒன்றும் போடாவிட்டால் வார்டனுக்குப் போன் செய்கிறாய். நான் என்னதான் போடுவது, சொல்.

இங்கே வேலை பரவாயில்லை. தாய்க் கம்பெனி ஜப்பானில் இருக்கிறது என்று சொன்னேனே, அங்கிருந்து இரண்டு பேர் வந்து எங்கள் ஃபேக்டரி லைனைப் பார்த்தார்கள். ஒருவர் நான் எழுதிய ரிப்போர்ட்டைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் படித்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் கொஞ்சம் ஜப்பான் பாஷை படிக்கிறேன். சும்மாதான்.

கீர்த்தி


ஐயம்பேட்டை
4.7.2025

அன்புள்ள கீர்த்திக்கு,

கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. படிக்க முடிந்தது, அது போதும்.

கடையில் ஒரு கூத்து நடந்தது. முதலாளியின் மருமகள் சுகாசினிக்கு இன்ஸ்டாகிராமில் தினம் ஒரு வீடியோ போட வேண்டும். அழகான பெண்களை வைத்து எடுத்துப் பார்த்தாள். அவர்களுக்குப் புடவையைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் என்னை இழுத்துக் கேமரா முன் நிறுத்திவிட்டாள். "ஆன்ட்டி, நீங்க நேச்சுரலா பேசுங்க, போதும்" என்றாள். நான் முந்தானையைப் பிரித்து, "இந்தாம்மா, ஜரிகையைப் பின்னாடி திருப்பிப் பாரு, முன்னாடி பாத்து ஏமாந்துக்கினு போவாத" என்று ஆரம்பித்தேன். "ஆன்ட்டி, அவ்வளவு நேச்சுரலா வேணாம்" என்றாள். ஆனால் போட்டது அதைத்தான். நிறையப் பேர் பார்த்தார்களாம். பக்கத்துக் கவுண்டர் லோகாம்பாள் அக்கா என்னிடம் இப்போது மரியாதையாகப் பேசுகிறாள். "ஸ்டாரு, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்கிறாள்.

இன்னொரு இடம் வந்திருக்கிறது. பையன் அமெரிக்காவில், டெக்சாஸ். படிப்பு, சம்பளம் எல்லாம் பெரிய அளவு. பையனின் அப்பா போன் செய்து, "போட்டோல ஃபில்டர் எதும் போடலியே?" என்று கேட்டார். கல்யாணத்தை ரிசார்ட்டில் வைக்க வேண்டுமாம், நம் செலவில். பையன் அங்கேயே பிறந்தவன் மாதிரி பேசுவானாம், அதை ஒரு பெருமையாகச் சொன்னார். உன் விருப்பம். நான் எதையும் திணிக்கமாட்டேன்.

கரண்ட் பில் வந்திருக்கிறது. கட்டிவிடு.

அம்மா


ஓசூர்
10.7.2025

அம்மாவுக்கு,

பில் கட்டியாயிற்று. ஃபில்டர் அப்பாவிடம், மகள் நேரில் இன்னும் மோசமாக இருப்பாள் என்று சொல்லிவிடு.

உன் வீடியோவை திரிஷா எனக்குக் காட்டினாள். உன் மகள் நான் என்று தெரியாமலே காட்டினாள். "இந்த ஆன்ட்டி சூப்பர்டி" என்றாள். நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. வெட்கம் இல்லை அம்மா. அதைக் கொஞ்ச நாள் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

வேலை அதிகம், சீக்கிரம் முடிக்கிறேன்.

கீர்த்தி


ஐயம்பேட்டை
16.7.2025

அன்புக் கீர்த்திக்கு,

நாளை ஆடி பிறக்கிறது. இனி ஒரு மாதம் கடையில் தள்ளுபடி அட்டைகள்தான் ஆடிக்கொண்டிருக்கும்.

போன வாரம் வாலாஜாபாத்திலிருந்து ரேவதி என்று ஒரு அம்மாள் மூத்த மகளின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தார். ஒரு மாமியார் எப்படிப்பட்டவர் என்று புடவைக் கடை மெத்தையில் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும் என்று நான் சொல்வேனே. இவர் பிரித்துப் போட்ட புடவைகளில் பாதியைத் தானே மடித்து வைத்தார். மகள் ஒன்றைத் தொட்டதும் விலைச்சீட்டைப் பார்க்கவில்லை, மகளின் முகத்தைப் பார்த்தார். எனக்கும் சேர்த்து டீ வாங்கிவரச் சொன்னார். இத்தனை வருஷத்தில் எனக்கு டீ சொன்ன வாடிக்கையாளர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள்.

பேச்சுவாக்கில் மகன் ஒருவன் இருப்பதாகச் சொன்னார். பெயர் தினேஷ், வயது இருபத்தேழு, பாங்கில் வேலை. வாலாஜாபாத்தில் சொந்த வீடு. மகனுக்குச் சமைக்கத் தெரியுமாம், அதைச் சிரிக்காமல் சொன்னார். "பொண்ணு வேலைக்குப் போறதுன்னா போவட்டுமே, அது அது இஷ்டம்" என்றார். நம் வீட்டிலிருந்து வாலாஜாபாத் ஒரு பஸ் தூரம். நீ பதினொரு மணிக்குக் கிளம்பினால்கூட மதியச் சாப்பாட்டுக்கு இங்கே இருக்கலாம்.

போட்டோ உள்ளே வைத்திருக்கிறேன். கட்டாயம் ஒன்றும் இல்லை. பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
அம்மா


ஓசூர்
22.7.2025

அம்மா,

நான் ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடம் விட்டு நேராக உன் கடைக்கு வந்துவிடுவேன். ராக்குக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே நீ வியாபாரம் செய்வதைப் பார்ப்பேன். அதனால் எனக்கு இது தெரியும். முதலில் ஒரு மட்டமான புடவையை விரிப்பாய், அது கழிப்பதற்கு. இரண்டாவதாகக் கனமான ஒன்றை எடுப்பாய், அது மலைப்பதற்கு. வந்தவர்கள் களைத்து உட்கார்ந்ததும் மூன்றாவதை மடியிலேயே மெல்ல விரிப்பாய். "கட்டாயம் இல்லம்மா, சும்மா பாருங்க" என்பாய். நீ விற்க நினைத்தது அதுதான்.

ஜெராக்ஸ் கடை. டெக்சாஸ். தினேஷ்.

அரக்கோணத்துக்காரரின் முடியை நீயே ஏன் எழுதினாய் என்று அப்போதே யோசித்தேன். இப்போது புரிகிறது. போட்டோவைப் பார்த்து முதலில் சிரித்தேன். அப்புறம் கோபம் வந்தது. நான் வேனில் வந்து இறங்கியவள் இல்லை அம்மா. என்னையும் மெத்தையில் உட்காரவைத்துவிட்டாய்.

தினேஷ் நல்லவராகவே இருக்கலாம். அவருடைய அம்மா நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உங்கள் தலைமுறைக்கு ஒன்றை நேராகக் கேட்கவே வராதா? 'உன் முடிவு', 'உன் விருப்பம்' என்று எழுதிக்கொண்டே எல்லாவற்றையும் சுற்றி வளைத்துச் செய்கிறீர்கள். நாங்கள் நேராகச் சொன்னால் திமிர் என்கிறீர்கள்.

இதற்குமேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. போட்டோவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கீர்த்தி


ஐயம்பேட்டை
31.7.2025

அன்புள்ள கீர்த்திக்கு,

பிடிபட்டுவிட்டேன். மறுக்கப்போவதில்லை.

லோகாம்பாள் அக்காவிடம் சொன்னேன். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கடையில வளந்த பொண்ணுகிட்டயே கடையைப் பரப்பிக்கினு உக்காந்தியா? உனக்கு இன்னா தைரியம்டி" என்றாள். ஆடி மாதமாக இருந்ததால் கேட்க ஆளில்லை.

ஆனால் எனக்கும் சொல்ல ஒரு பக்கம் இருக்கிறது. குறுக்கே பேசாமல் கேள், அதற்குத்தானே கடிதம்.

நான் பி.ஏ. மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு சாயங்காலம் உன் தாத்தா கையில் ஸ்வீட் பொட்டலத்தோடு வந்தார். யாருக்கு என்ன விசேஷம் என்று நான்தான் கேட்டேன். எனக்குத்தான். முசரவாக்கத்துப் பையன், வேன் ஓட்டுகிறான், பேசி முடித்தாயிற்று என்றார். எனக்குக் காட்டியது ஒரே ஒரு புடவை. அதுவும் பில் போட்ட பிறகு. உன் அப்பா தங்கமானவராக அமைந்தார். ஆனால் அதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. அதனால் என் மகளுக்கு ஒன்றுக்கு மூன்றாகக் காட்டுகிறேன் என்பதில் எனக்கு உள்ளூரப் பெருமை. மூன்றையும் ராக்கிலிருந்து எடுத்துப் போட்டவள் நானேதான் என்பது நீ எழுதிய பிறகுதான் உறைத்தது.

நீ சொன்னது சரி. எங்களுக்கு நேராகக் கேட்க வராது. நேராகக் கேட்டு 'இல்லை' என்று பதில் வந்தால் அப்புறம் எங்கே நிற்பது என்று தெரியாத வீடுகளில் வளர்ந்தோம்.

ஆனால் நீயும் ஒன்றை யோசித்துப் பார். நீங்கள் நேராகப் பேசுகிறவர்கள் என்று சொல்லிக்கொள்கிறீர்கள். நீங்கள் நேராகச் சொல்வதெல்லாம் பிடிக்காததை மட்டும்தான். அது வேண்டாம், இது வேண்டாம், அவர் வேண்டாம். என்ன பிடிக்கும் என்று கேட்டால் 'ஒண்ணுமில்ல' என்கிறீர்கள். அந்த லேவண்டர் பெண்ணும் அப்படித்தான் சொன்னாள். தினமும் இதை மெத்தையில் பார்க்கிறேன். அதனால்தான் எங்களுக்கு இந்த வித்தையெல்லாம் வேண்டியிருக்கிறது.

போட்டோவை ரேவதி அம்மாளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி நான் எதையும் எடுத்து விரிக்கப்போவதில்லை. இந்த முறை நீ விரி. உனக்கு என்ன வேண்டும்?

போன் ரீசார்ஜ் இரண்டு நாளில் முடிகிறது என்று மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறது. பார்.

அம்மா


ஓசூர்
8.8.2025

அன்புள்ள அம்மா,

ரீசார்ஜ் செய்துவிட்டேன்.

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். 'பிடிக்காததை மட்டும்தான்' என்ற இடத்தில் கோபம் வந்தது. ஆனால் அந்த வரி மனதை விட்டுப் போகவும் இல்லை. சரி, கேட்டாய், சொல்கிறேன்.

முதலாவது, இது நடக்காது என்று எனக்கே தெரியும், தகவலுக்காகச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு ஜப்பானில் நாகோயா என்ற ஊருக்கு நான்கு பேரை அனுப்புகிறார்கள். என் ரிப்போர்ட்டைப் படித்தாரே, அவர் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். தங்க இடம் கம்பெனியே கொடுக்கும், அங்கிருந்து ஃபேக்டரிக்கு சைக்கிளிலேயே போய்விடலாமாம். வழியில் ஒரு ஆறு இருக்கிறதாம், நம் பாலாறு மாதிரி இல்லை, தண்ணீர் ஓடுமாம். அரிசி கிடைக்கும், ஆனால் ஒட்டிக்கொள்ளும். புளி மட்டும் கொண்டுபோக வேண்டும் என்று போய்வந்த அக்கா ஒருத்தி சொன்னாள். ஜனவரியில் பனி கூட விழுமாம். அப்பா ஊட்டிக்கு வேன் ஓட்டும்போது போட்டுக்கொள்ளும் அந்த பிரவுன் ஸ்வெட்டர் இன்னும் பீரோவில் இருக்கிறதா? சும்மா கேட்டேன். மாதக் கடைசிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை. அப்பா போன பிறகு நீ தனி. நான் ஓசூரில் இருப்பதே உனக்குக் கஷ்டம். அங்கே போய்விட்டால் கேஸ் தீர்ந்தால்கூட நீ என்ன செய்வாய். அதனால் அது வேண்டாம்.

இரண்டாவது, ஹாஸ்டலை விட்டுவிட்டு திரிஷாவோடும் இன்னும் இரண்டு பெண்களோடும் தனி வீடு எடுப்பது. வாடகை கொஞ்சம் அதிகம்.

மூன்றாவது, இதுதான் நான் உன்னிடம் நேராகக் கேட்பது: இரண்டு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சு வேண்டாம். இங்கேயே இருந்துகொண்டு மாலை வகுப்பில் எம்.இ. படிக்கிறேன். மாதம் ஒரு முறை ஊருக்கு வருகிறேன். இதற்கு நீ சரி என்று சொன்னால் போதும்.

அன்புடன்,
கீர்த்தி


ஐயம்பேட்டை
14.8.2025

என் செல்லக் கீர்த்திக்கு,

உன் கடிதத்தைக் கடையிலேயே பிரித்தேன். படித்து முடித்துச் சிரித்தேன். லோகாம்பாள் அக்கா எட்டிப் பார்த்து, "இன்னா, பொண்ணு திட்டியிருக்குதா?" என்றாள். இல்லை, வியாபாரம் பண்ணியிருக்கிறாள் என்றேன்.

முதலில் ஒன்று கழிப்பதற்கு. இரண்டாவதாக ஒன்று மலைப்பதற்கு. மூன்றாவது மடியில் மெல்ல. ராக்குக்குக் கீழே உட்கார்ந்தவள் நன்றாகத்தான் படித்திருக்கிறாய். எம்.இ., மாலை வகுப்பு, மாதம் ஒரு முறை ஊர். எந்த அம்மாவும் வாங்கிக்கொண்டு போகிற புடவை.

ஆனால் நான் உன்னைவிட அதிக நாள் அந்த மெத்தையில் உட்கார்ந்தவள். எம்.இ.க்கு இரண்டு வரி எழுதியிருக்கிறாய், எந்தக் காலேஜ் என்றுகூடச் சொல்லவில்லை. கழித்துப் போட்டதற்கு அரைப் பக்கம். சைக்கிளில் போகலாம், ஆற்றில் தண்ணீர் ஓடும், அரிசி ஒட்டும், புளி கொண்டுபோக வேண்டும். வேண்டாத ஊரின் அரிசி எப்படி இருந்தால் ஒருத்திக்கு என்ன? அதுவும் போகட்டும் என்று விட்டிருப்பேன். அப்பாவின் ஸ்வெட்டர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டாய். பிளவுஸ் கேட்டுவிட்டாய் கீர்த்தி.

ஸ்வெட்டர் பீரோவில்தான் இருந்தது. பாச்சை உருண்டை வாசனை அடிக்கிறது. காலையில் எடுத்து மாடிக் கொடியில் வெயிலில் போட்டேன். ஒரு கையில் நூல் பிரிந்திருந்தது, கடையில் புடவைக்கு முடிச்சுப் போடும் பெண்ணிடம் கொடுத்துச் சரிசெய்து வாங்கிவிட்டேன். உனக்குப் பெரியதாக இருக்கும். உள்ளே இன்னொன்று போட்டுக்கொள்.

இனி ஒரு முறை கடைக்காரியாக இல்லாமல் பேசுகிறேன். நீ போவது எனக்குப் பிடிக்கவில்லை. நீ போக வேண்டும். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைக்கப்போவதில்லை. பிடிக்கவில்லை என்பதற்காக நான் உன்னை நிறுத்தினால், நாளை நீ வாலாஜாபாத்திலிருந்து ஒரு பஸ்ஸில் மதியச் சாப்பாட்டுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்திருப்பாய், ஆனால் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாய். அந்த முகம் எனக்கு வேண்டாம்.

நான் தனி என்று எழுதியிருக்கிறாய். எனக்கு நாற்பத்தாறு வயது. நீங்கள் எல்லாம் நாற்பதைத் தாண்டினாலே கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறீர்கள். காலையில் ஷேர் ஆட்டோவில் இடம் பிடித்து ஊருக்குள் போய், நாள் முழுக்கப் புடவை விரித்து, கேமராவிலும் பேசிவிட்டு வருகிறேன். போன வாரம் சேலத்திலிருந்து ஒரு குடும்பம், 'திருப்பிப் பாரு ஆன்ட்டி' எங்கே என்று கேட்டுக்கொண்டு வந்து என்னிடம்தான் எடுத்தார்கள். சுகாசினி எனக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறாள். நான் அதில் உட்காருவதில்லை, அது வேறு விஷயம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கேஸ் புக் செய்ய எனக்குத் தெரியும். கரண்ட் பில் கட்டவும் ரீசார்ஜ் செய்யவும் தெரியும். மூன்று பட்டன்தான். கடையில் நாள் முழுக்க ஸ்கேன் செய்து பணம் வாங்குகிறவளுக்கு அது தெரியாது என்று நீ எப்படி நம்பினாயோ. அம்மாக்களுக்கு ஆப் வராது என்று நீயே முடிவு செய்து வைத்திருந்தாய், நான் அதைக் கலைக்கவில்லை. புக் செய்ததும், "பண்ணிட்டேன்மா" என்று சொல்ல நீ போன் செய்வாய். அப்புறம் சாப்பிட்டாயா என்று கேட்பாய். அதற்காகத்தான்.

ரேவதி அம்மாள் மூத்த மகளின் புடவைக்கு பிளவுஸ் வாங்க வந்தார். ஜப்பான் விஷயத்தை நேராகச் சொன்னேன், பழக்கம் செய்துகொள்ள வேண்டும் என்று. "ஜப்பானா? எங்க தினேஷையும் இட்டுக்கினு போவச் சொல்லும்மா, சமையல் பண்ணிப் போடுவான்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் நல்லவர் என்று நான் சொன்னது பொய்யில்லை பார்.

பெயர் கொடு. மாதக் கடைசி வரை வைத்துக்கொண்டிருக்காதே.

அன்புடன்,
அம்மா


ஓசூர்
20.8.2025

அன்புள்ள அம்மா,

பெயர் கொடுத்துவிட்டேன்.

உன் கடிதத்தை ஹாஸ்டல் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். திரிஷா என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். "யாருக்குடி உடம்பு சரியில்ல?" என்றாள். "எங்கம்மாவுக்கு கேஸ் புக் பண்ணத் தெரியுமாம்" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. 'திருப்பிப் பாரு ஆன்ட்டி' யார் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன். உன்னோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டுமாம். சனிக்கிழமை ஊருக்கு வரும்போது கூடவே வருகிறாள்.

பிடித்ததை நேராகச் சொல்லச் சொன்னாய். எனக்கு அந்த ஊர் பிடித்திருக்கிறது, இன்னும் பார்க்காமலே. எனக்குப் பயமாகவும் இருக்கிறது. அரிசி ஒட்டினால் ஒட்டட்டும், இரண்டு வருஷம் உன் குரல் கேட்காமல் இருக்க என்னால் முடியாது. கடிதம் போதாது அம்மா. உன்னிடம் குறுக்கே பேச வேண்டும்.

அதனால் ஒரு ஏற்பாடு. நீயே புக் செய்துகொள், நீயே கட்டிக்கொள், நான் கேட்கமாட்டேன். ஆனால் வாரம் ஒரு முறை எனக்குப் போன் செய்து, "கேஸ் தீந்துபோச்சு கீர்த்தி" என்று சொல்ல வேண்டும். எத்தனை வாரம் சொன்னாலும் நான் நம்புவேன்.

உன்,
கீர்த்தி